கடைசிக் காம்பராவின் கேத்தல்

மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு லயத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் அதைப் போல எத்தனையோ லயங்கள் இருக்கின்றன. விடியற்காலை ஐந்து மணி. பெரட்டுக்குப் போவதற்கு முன் சாயத்தண்ணி ஊற்றியாக வேண்டும். ட்ரான்ஸ்போமருக்கு அருகில் இருக்கிற முதல் வீட்டில் கேத்தல் மூன்று நிமிடத்துக்குள் கொதித்துவிடுகிறது. அதே கடையில் அதே விலைக்கு வாங்கிய கேத்தல் கடைசிக் காம்பராவில் இரைந்துகொண்டே இருக்கிறது. மேலே தொங்கும் பல்பும் மங்கலாகத்தான் எரிகிறது. "கரண்ட் கொறஞ்சி வருது" என்கிறார்கள் வீட்டில்.

இந்தப் பேச்சு பௌதிகப்படியும் சரியானதுதான். கேத்தலுக்கு வந்து சேரும் வோல்ட்டேஜ் குறைந்தால் அதற்குள் ஓடும் கரண்டும் குறையும். வெப்பமோ இரண்டின் பெருக்கம், ஆகவே அது இரட்டை வேகத்தில் சரியும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,000 வாட் கேத்தல் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். ஒரே கம்பியில் தொங்கும் பத்து வீடுகள் ஒரே நேரத்தில் கேத்தலைப் போட்டால் 87 அம்பியர் ஆகிறது. ட்ரான்ஸ்போமரிலிருந்து லயம் 400 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிற அந்தக் கறுப்பு முறுக்குக் கம்பி அலுமினியத்தால் ஆனது. போகவும் திரும்பவும் சேர்த்து அதன் தடை 0.35 ஓம் அளவு இருக்கும். கேட்க ஒன்றுமில்லாத எண் போலத்தான் இருக்கிறது. ஆனால் வோல்ட்டேஜ் சரிவதால் கரண்டும் 87இலிருந்து கொஞ்சம் இறங்கிவிட்ட பிறகும் கம்பியிலேயே 27 வோல்ட் தொலைந்து, கடைசியில் வந்து சேர்வது 203 வோல்ட். கேத்தலின் வெப்பம் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போவதால் 2,000 வாட் 1,560 வாட்டாகச் சுருங்குகிறது. ஒரு லீட்டர் தண்ணீருக்கு இரண்டே முக்கால் நிமிடம் போதும் என்றிருந்தது மூன்றரை நிமிடத்தைத் தாண்டுகிறது. (1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும் என்பது மலை நமக்குக் கொடுக்கும் சின்னச் சலுகை.)

இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். அதில் நூற்றுக்கு 6 கூடலாம், 6 குறையலாம் என்பது விதி. அதாவது 216க்குக் கீழே இறங்கக் கூடாது. கேத்தல் தாமதமானால் சாயத்தண்ணிதான் தாமதம். ஃப்ரிஜ்ஜின் மோட்டாருக்கு அப்படியில்லை. குறைந்த வோல்ட்டேஜில் அது சுழலத் திணறி அதிகக் கரண்டை இழுத்துத் தானே சூடாகிச் சுருள் கருகும்.

அந்த 400 மீட்டரில் நடக்கிற இழப்பை நாடு முழுவதுக்கும் நீட்டிப் பார்த்தால் மின்வலை ஏன் இப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது புரியும். ஒரு மெகாவாட் மின்சாரத்தை 400 வோல்ட்டில் அனுப்ப வேண்டுமென்றால் 1,443 அம்பியர் ஓட வேண்டும். அதையே 33,000 வோல்ட்டில் அனுப்பினால் பதினேழரை அம்பியர் போதும். கம்பி விழுங்கும் சக்தி கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப இருப்பதால், அதே கம்பியில் இழப்பு ஆறாயிரத்து எண்ணூறில் ஒரு பங்காகிவிடுகிறது. மலையேறும் இரும்புக் கோபுரங்களில் 132 கிலோவோல்ட்டும் 220 கிலோவோல்ட்டும் போவது இதற்காகத்தான். 132இல் பதுளை கிரிட் உப மின்நிலையத்துக்கு வந்து, அங்கே 33 ஆக இறங்கி, மலை முகடுகளைத் தாண்டித் தோட்டங்களுக்குப் போய், கடைசியில் ஒரு கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ட்ரான்ஸ்போமரில் 400 வோல்ட்டாக, வீட்டுக்கு 230 வோல்ட்டாக இறங்குகிறது. உயர்ந்த வோல்ட்டேஜில் நூறு கிலோமீட்டர் பயணம் ஒன்றுமேயில்லை. இறங்கிய பிறகு நானூறு மீட்டர் ஒரு யுகம்.

மலைநாட்டில் அந்த நானூறு மீட்டர் நீண்டதற்குச் சரித்திரக் காரணம் இருக்கிறது. மின்சாரம் இங்கே புதிதாக வந்த பொருள் அல்ல. ஓடையை மறித்துக் குழாயில் இறக்கிப் பெல்டன் சக்கரத்தைச் சுழற்றி ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, ஓட்டிய தோட்டங்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே நிறைய இருந்தன. நாட்டின் பெரிய நீர்மின் யோசனையை டி.ஜே. விமலசுரேந்திர 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் படித்தார். லக்ஷபான நிலையம் சுழன்றது 1950இல். அதற்கெல்லாம் முன்பே தேயிலை ஸ்டோர்களில் டைனமோ இருந்தது. அந்த டைனமோ ஸ்டோருக்கு வெளிச்சம் கொடுத்தது, துரை பங்களாவுக்கு வெளிச்சம் கொடுத்தது. லயத்தில் குப்பி விளக்குத்தான். தண்ணீர் லயத்தின் ஓரமாகத்தான் ஓடியிருக்கும்.

1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை உருவாகி, பின்னர் படிப்படியாக மின்கம்பிகள் தோட்டத்துக்குள் வந்தபோது அவை ஸ்டோரைத் தேடி வந்தன. பெரிய பாவனையாளர் அங்கேதானே இருக்கிறார். ட்ரான்ஸ்போமரும் அங்கேயே நின்றது. லயங்களுக்கு இழுத்த கம்பி பிற்பாடு ஒட்டவைத்த வால்.

அந்தப் பழைய ஸ்டோரை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது. முழு மின்வலையும் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி என் கண்ணில் பட்டதில்லை. கூரைக்குக் கீழே, கட்டடத்தின் நீளத்துக்கு ஒரே ஒரு இரும்புத் தண்டு. தண்ணீர்ச் சக்கரமோ எண்ணெய் எஞ்ஜினோ அதைச் சுழற்றும். தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ரோலரையும் சல்லடையையும் விசிறியையும் ஓட்டும். ரோலருக்குப் பெல்ட்டை மாட்டினால் தண்டு ஒரு கணம் தளரும். உடனே கவர்னர் வால்வைத் திறந்து கூடுதல் தண்ணீர் விடும், வேகம் மீளும். பெல்ட்டைக் கழற்றினால் தண்டு துள்ளும், வால்வு மூடும். பளுவும் தண்ணீரும் ஒவ்வொரு கணமும் சரிக்குச் சரி. சேமித்து வைக்க இடமில்லை.

இலங்கையின் மின்வலை அப்படிப்பட்ட ஒரே தண்டு. நுரைச்சோலையின் நிலக்கரி டர்பைனும், லக்ஷபானவின் சக்கரமும், ரந்தெனிகலவும் ரந்தம்பேயும் கண்ணுக்குத் தெரியாத பெல்ட்டுகளால் பூட்டப்பட்டு ஒரே தாளத்தில் சுழல்கின்றன. அந்தத் தாளத்தைப் பள்ளிக்கூடப் புத்தகம் மீடிறன் என்று சொல்லும்: நொடிக்கு 50 சுற்று. கடைசிக் காம்பராவில் கேத்தலின் சுவிட்சைத் தட்டினால், அளக்க முடியாத அளவு சின்னதாக என்றாலும், எல்லா டர்பைன்களும் அந்த நொடியே தளர்கின்றன. எங்கோ ஒரு வால்வு ஒரு மயிரிழை கூடுதலாகத் திறக்கிறது. தளர்ச்சி பெரிதாகி மீடிறன் 49க்குக் கீழே சரிந்தால், தண்டைக் காப்பாற்றச் சில பெல்ட்டுகளைத் தானியங்கிக் கருவிகளே அறுத்துவிடும். எந்தப் பிரதேசத்துக் கம்பியை முதலில் வெட்டுவது என்பது முன்கூட்டியே பட்டியலில் இருக்கும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி தாண்டியிருந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ட்ரான்ஸ்போமரைத் தொட்டுவிட்டதாக அமைச்சர் சொன்னார். நாடு முழுவதும் இருண்டது. குரங்கை வைத்து உலகமே சிரித்தது. சிரிப்பில் அசல் விஷயம் மறைந்துபோனது. ஒரு குரங்கால் ஓர் ஊர் இருளலாம், நாடு ஏன் இருள வேண்டும்? ஞாயிறு, தொழிற்சாலைகள் மூடியிருந்தன, தேவை குறைவு. நல்ல வெயில், கூரைகளில் சூரியத் தகடுகள் முழுவேகத்தில். ஆகவே கனமான டர்பைன்கள் பலவற்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். சூரியத் தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. தண்டில் பூட்டிய கனச்சக்கரங்கள் குறைந்துபோன ஸ்டோரில் ஒரு பெல்ட் அறுந்தால் தண்டு தள்ளாடும் அல்லவா, அதுதான் நடந்தது. கனமான சக்கரம் தன் வேகத்தை விட மறுத்துச் சில நொடி அவகாசம் கொடுக்கும். அந்தச் சில நொடிக்குள் மற்ற இயந்திரங்கள் சுதாரிக்கும். அன்று அந்த அவகாசம் போதவில்லை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும், மொத்தம் 900 மெகாவாட், வலையிலிருந்து கழன்றுகொண்டன. நிலக்கரி நிலையத்தைத் திரும்ப எழுப்ப நாள்கணக்கு ஆகும். அடுத்த நாள்களில் ஒன்றரை மணிநேர முறைவெட்டு வந்தது.

அதே ஆண்டு ஏப்ரல், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. தேவை இன்னும் விழும் என்று பயந்து, பகல் நேரத்தில் கூரைச் சூரியத் தகடுகளை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை வேண்டிக்கொண்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022 மார்ச் கடைசியில், எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் நாளுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்த நாடு இது. இலவசமாக வந்த வெயிலை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. உப மின்நிலையங்களில் பெரிய மின்கலங்கள் வேண்டும் என்ற பேச்சு இதனால்தான் வேகமெடுத்தது. நண்பகல் வெயிலைப் பிடித்து வைத்து மாலை ஆறரைக்குமேல் விடலாம். மின்னணுச் சாதனங்களால் கனச்சக்கரத்தைப் போல நடிக்கவும் வைக்கலாம்.

ஊவா மாகாணத்திடம் வேறொரு மின்கலம் உண்டு, மழை. தென்மேற்குப் பருவக்காற்று மே, ஜூனில் காசல்ரீயையும் மவுஸ்ஸாக்கலையையும் நிரப்பும்போது பதுளைப் பக்கத்துக்கு வந்து சேர்வது மழையை மேற்கிலேயே கொட்டிவிட்ட காய்ந்த காற்று. நமக்கு மழை வடகிழக்கில், ஆண்டு முடிவில். மேற்கு வறண்டிருக்கும்போது கிழக்குச் சரிவில் தண்ணீர் இருப்பது வலைக்கு வரம். உமா ஓயாத் திட்டத்தை இந்தக் கண்ணோடும் பார்க்கலாம். புஹுல்பொலவில் மறித்த தண்ணீர் டயரபாவுக்கு வந்து, அங்கிருந்து 15 கிலோமீட்டர் சுரங்கத்தில் பண்டாரவளை மலைகளுக்கு அடியில் ஓடி, எல்ல – வெல்லவாய வீதியோரம் பூமிக்குள் இருக்கும் நிலையத்தில் விழுகிறது. இரண்டு இயந்திரங்கள், 120 மெகாவாட். நொடிக்கு ஒரு கனமீட்டர் தண்ணீர் நூறு மீட்டர் விழுந்தால் ஒரு மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவு. அங்கே வீழ்ச்சி எழுநூறு மீட்டர் அளவு. ஓடை அளவுத் தண்ணீர் ஒரு நகரத்தை ஓட்டும் இரகசியம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. 2024 ஏப்ரல் 24இல் ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து திறந்துவைத்தார்.

இதற்குப் பண்டாரவளைப் பக்கம் கொடுத்த விலையைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. 2014 கடைசியில் சுரங்கம் குடைந்தபோது நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அங்கே பிறக்கிற மின்சாரம் பண்டாரவளைக்கென்று தனியாக வருவதுமில்லை. அது தேசியத் தண்டில் கலந்துவிடுகிறது. கிணறு ஊருக்குரியது, மின்சாரம் நாட்டுக்குரியது.

சரி, மலைக்கம்பிக்குத் திரும்புவோம். பதுளை மாவட்டத்தின் 33 கிலோவோல்ட் கம்பிகள் பெரும்பாலும் ஒற்றை வழிப் பாதைகள். கிரிட்டிலிருந்து கிளம்பி, கிளைவிட்டு, மலைமடிப்புக்குள் போய் முடிந்துவிடும். நடுவில் எங்கே அறுந்தாலும் அதற்கப்பால் எல்லாம் இருள். யூக்கலிப்டஸ் கிளை ஒன்று காற்றில் வந்து ஒரு கணம் கம்பியைத் தொடும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் அடிக்கும். மேல்நிலைக் கம்பிகளில் பெரும்பாலான பழுதுகள் இப்படிப்பட்டவையே. வந்த வேகத்தில் போய்விடும், கம்பிக்குச் சேதமில்லை. அதற்காகத்தான் ரீக்ளோசர் என்ற கருவி. பழுதைக் கண்டதும் அது கம்பியைத் துண்டிக்கும். சில நொடி காத்திருந்து மறுபடி சேர்த்துப் பார்க்கும். பழுது போயிருந்தால் சேர்ந்தே இருக்கும், போகவில்லையென்றால் இரண்டொரு முறை முயன்றுவிட்டு நின்றுவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது வெளிச்சம் போய் வந்து போய் வருவதாகத் தெரியும். "வந்து வந்து போகுது, இவனுங்களுக்கு வேலை தெரியல" என்பார்கள். உண்மையில் அந்தச் சிமிட்டல்தான் அவர்களை ஓர் இரவு முழுக்க இருளில் இருக்காமல் காப்பாற்றுகிறது.

ரீக்ளோசர் இல்லாத கிளைக்கம்பியில் கதை வேறு. அங்கே காவல் டீ.டீ.எல்.ஓ. என்று மின்சார சபை ஆட்கள் சொல்லும் ஃபியூஸ். கரண்ட் மிஞ்சினால் உள்ளே இருக்கும் மெல்லிய இழை வெடி போட்ட மாதிரிச் சத்தத்தோடு எரியும், ஃபியூஸ் குழல் தலைகீழாகத் தொங்கும். ஒரு நொடிப் பழுதாக இருந்தாலும் அது தானாகத் திரும்ப ஏறாது. 1987 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, முறைப்பாடு பதிந்து, வாகனம் மலைப்பாதையில் ஏறி, வாகனம் போகாத இடத்தில் ஆட்கள் தேயிலை மலைக்குள் நடந்து, நீண்ட கோலால் குழலைத் தூக்கி மாட்ட வேண்டும். எந்த மலையில் அது விழுந்தது என்று தேடுவதிலேயே பாதி நேரம் போகும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் ஊவா மலைகளைச் சரித்தபோது தேடிப் போக வீதியே இல்லாமல் போனது. கம்பம் நின்ற மண்ணும் போனது.

வலையை நவீனமாக்குவது என்றால் கொழும்பில் பெரிய திரைகள் வைத்த கட்டுப்பாட்டறை, தன்னால் கணக்கெழுதும் மீட்டர் என்றெல்லாம் படம் காட்டுவார்கள். அவை வேண்டாமென்று சொல்லவில்லை. ஊவாவுக்கு அதைவிட அவசரமானவை பார்க்கச் சாதாரணமானவை. கிளைக்கம்பிகளிலும் ரீக்ளோசர். பழுது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கம்பியிலேயே மினுக்கிக் காட்டும் சின்ன விளக்கு. அது இருந்தால் மூன்று மலை ஏறி இறங்க வேண்டியதில்லை. மரம் அடர்ந்த இடங்களில் உறை போட்ட கம்பி. இரண்டு ஒற்றை வழிப் பாதைகளின் நுனிகளைச் சேர்க்கும் ஒரு சுவிட்ச், ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்திலிருந்து ஊட்ட.

இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பது என்பதில்தான் ஒழுங்குறுத்துநர் வருகிறார். மடுல்சீமைக்கு இரண்டு கம்பெனிகள் இரண்டு வரிசைக் கம்பம் நட்டுப் போட்டி போட முடியாது. போட்டி இல்லாத இடத்தில் விலையையும் தரத்தையும் பார்க்க ஒருவர் வேண்டும். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை 2002இன் 35ஆம் இலக்கச் சட்டம் உண்டாக்கியது. மின்சாரத்துக்கு அது பல்லுள்ள அதிகாரியானது 2009இன் 20ஆம் இலக்கச் சட்டத்தால். மின்சார சபை விலை கேட்கும், ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்டு, கணக்கைப் பார்த்து, கூட்டும் அல்லது குறைக்கும். 2022 ஓகஸ்டில் நூற்றுக்கு 75, 2023 பெப்ரவரியில் நூற்றுக்கு 66 என்று ஏறிய கட்டணம் 2025 ஜனவரியில் நூற்றுக்கு 20 இறங்கியது. நடுவில் ஆணைக்குழுவின் தலைவரையே 2023 மே மாதம் பாராளுமன்றம் வாக்கெடுத்து நீக்கியது. கட்டணம் எவ்வளவு அரசியல் என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க 2024இல் 36ஆம் இலக்கச் சட்டம் வந்தது, மறு ஆண்டே திருத்தமும் வந்தது.

கட்டண அட்டவணை நாடு முழுவதுக்கும் ஒன்று. கொழும்பில் ஒரு கிலோமீட்டர் கம்பி எத்தனையோ வீடுகளுக்கு ஊட்டும், லுணுகலையில் ஒரு லயத்துக்கு. ஆனாலும் அலகின் விலை ஒன்றே. இதில் ஒரு சத்தமில்லாத நியாயம் இருக்கிறது. பிரிக்கிற வேலை நடக்கும்போது அது கைநழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 60 அலகுக்குள் எரிப்பவர்களுக்கு மலிவான படிகள் தனியே உண்டு. 61ஆவது அலகு ஏறினால் முதல் அறுபதின் விலையும் மாறிவிடும். லயத்தில் ஃப்ரிஜ் வாங்கலாமா என்ற பேச்சு அந்த 61ஐச் சுற்றித்தான் நடக்கும்.

தரத்தை அளப்பதில்தான் எனக்குச் சண்டை. ஒரு பாவனையாளருக்கு ஆண்டில் சராசரியாக எத்தனை நிமிடம் மின்சாரம் இல்லை என்பது உலகெங்கும் உள்ள அளவுகோல். கற்பனைக்கு, நகரத்தில் ஆயிரம் வீடு, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். தோட்டத்தில் நூறு வீடு, ஒவ்வொன்றுக்கும் அறுநூறு நிமிடம். சராசரி 64 நிமிடம். அந்த 64 நிமிடத்தை அனுபவித்த வீடு ஒன்றுகூட இல்லை. நாடு முழுவதுக்குமான சராசரியை இறக்க மலிவான வழி, வீடுகள் நெருங்கிய நகரத்தில் காசைப் போடுவது. கடைசி லயம் ஒன்றைச் சீர்திருத்தினால் அந்தப் பெரிய எண் அசையாது. காலி முதல் நீர்கொழும்பு வரை கரையோர நகரங்களில் மின்சாரம் விநியோகிக்கும் லெக்கோ நிறுவனத்தின் சிறப்பைப் பேசும்போதும் இதை நினைக்க வேண்டும். சமதரையில் அடுத்தடுத்து வீடுகள் இருப்பது பாதி வெற்றி. ஆகவே சராசரியோடு சேர்த்து, மிக மோசமான பத்துக் கம்பிப் பாதைகளின் பெயரையும் நிமிடங்களையும் வெளியிடச் சொல்லி ஆணைக்குழு கேட்க வேண்டும் என்பேன். கடைசிக் கம்பத்தின் வோல்ட்டேஜையும். அதை அளக்க, தன்னால் எண் அனுப்பும் மீட்டரை எல்லா வீட்டிலும் மாட்ட வேண்டியதில்லை, லயத்தின் கடைசி வீட்டில் ஒன்று மாட்டினால் போதும்.

கடைசிக் காம்பராவின் கேத்தலுக்கு மருந்து இருக்கிறது, அதுவும் பழைய மருந்து. 33 கிலோவோல்ட் கம்பியை இன்னும் கொஞ்சம் நீட்டி, லயத்துக்குப் பக்கத்தில் 100 கேவீஏ ட்ரான்ஸ்போமர் ஒன்றை ஏற்றினால் நானூறு மீட்டர் நாற்பது ஆகும், தொலைந்த 27 வோல்ட் மூன்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கம்பி, கம்பம், ட்ரான்ஸ்போமர் எல்லாம் களஞ்சியத்தில் கிடைக்கிற சாமான்தான். கம்பம் நட இடம் வேண்டும். தோட்டக் காணி அரசுடையது, 1992 முதல் அதைக் கம்பெனிகள் நடத்துகின்றன, லயத்தில் இருப்பவரிடம் உறுதி கிடையாது. சொந்தப் பெயரில் மீட்டர் கேட்டாலும் கூரையில் சூரியத் தகடு கேட்டாலும் முதலில் காட்ட வேண்டிய தாள் அதுதான். ஆகவே விண்ணப்பம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தோடு திரும்பி வர வேண்டியிருக்கிறது.